ஜே-1 பயிற்சியாளர் திட்டம்: விடுதித் துறையில் ஓராண்டு, ஒரு மதிப்பீடு

திருச்சியில் கேட்டரிங் படிப்பை முடித்து, சென்னையில் ஒரு நட்சத்திர விடுதியின் வரவேற்புப் பிரிவில் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக வேலை பார்த்த பின், 2023 நவம்பரில் ஜே-1 விசாவில் பயிற்சியாளராக அமெரிக்கா சென்றேன். கொலராடோ மாநிலத்தில், பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற மலைப்பகுதியில் இருந்த ஒரு விடுதியில் பன்னிரண்டு மாதங்கள் கழிந்தன. கேட்டரிங் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைகளில் இத்திட்டத்தைப் பற்றிய விளம்பரங்களைப் பார்க்கும் மாணவர்கள் இதை வெளிநாட்டு வேலை என்றே எண்ணிக்கொள்கிறார்கள். விளம்பரம் செய்பவர்களும் அந்த எண்ணத்தைத் திருத்துவதில்லை. சட்டத்தின்படி இது வேலைவாய்ப்பே அல்ல. 1961ஆம் ஆண்டின் கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்க வெளியுறவுத் துறை நடத்தும் பரிமாற்றத் திட்டம் இது. இந்த வேறுபாடு வெறும் சொல் வேறுபாடு என்றுதான் புறப்படும்போது நானும் நினைத்தேன்.

திட்டத்தின் அமைப்பை முதலில் சொல்ல வேண்டும். வெளியுறவுத் துறையின் அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சர் நிறுவனம் டிஎஸ்-2019 என்னும் சான்றிதழை வழங்குகிறது. அது கையில் இல்லாமல் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போக முடியாது. நம் ஊர் ஏஜென்சி, ஸ்பான்சருக்கும் விடுதிக்கும் ஆள் சேர்த்துத் தரும் இடைத்தரகர் மட்டுமே. எனினும் பணத்தில் பெரும்பகுதி ஏஜென்சிக்குத்தான் போகிறது. விமானச் சீட்டு நீங்கலாக என்னிடம் இரண்டரை லட்சம் ரூபாய் வாங்கினார்கள். அதில் அரசுக்குச் சென்றது செவிஸ் என்னும் வெளிநாட்டு மாணவர், பரிமாற்றப் பயணிகள் பதிவு முறைக்கான கட்டணம் 220 டாலரும் விசாக் கட்டணம் 185 டாலரும்தான். மீதி எதற்கு என்று கேட்டபோது, 'பிராசசிங்' என்ற ஒற்றைச் சொல்லே பதிலாகக் கிடைத்தது.

தகுதி விதிகளில் குழப்பம் இல்லை. படித்துக்கொண்டிருப்பவர்களும், படிப்பை முடித்துப் பன்னிரண்டு மாதங்களுக்கு உட்பட்டவர்களும் இன்டர்ன் பிரிவில் விண்ணப்பிக்கலாம். பட்டத்துக்குப் பின் அமெரிக்காவுக்கு வெளியே ஓராண்டு வேலை பார்த்தவர்களுக்கும், பட்டம் இல்லாமல் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் டிரெய்னி பிரிவு. மற்ற பல துறைகளில் டிரெய்னிகள் பதினெட்டு மாதங்கள் வரை தங்கலாம் என்றாலும், விடுதி மற்றும் சுற்றுலாத் துறையில் பன்னிரண்டே மாதங்கள்.

இத்திட்டத்தின் உயிர் டிஎஸ்-7002 என்னும் பயிற்சித் திட்டப் படிவத்தில் இருக்கிறது. எந்தப் பிரிவில் எத்தனை மாதம், யார் மேற்பார்வையில், என்ன கற்கப்போகிறோம் என்று கட்டம் கட்டமாக எழுதி, பயிற்சியாளர், விடுதி, ஸ்பான்சர் ஆகிய மூவரும் கையொப்பமிடும் ஆவணம் அது. ஏஜென்சி அதைக் கையொப்பமிட வேண்டிய மாலையில்தான் எனக்கு அனுப்பியது. இரவு பத்து மணிக்குள் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். நல்லவேளையாக ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டேன்.

விடுதித் துறையில் ஆறு மாதமோ அதற்கு மேலோ நடக்கும் பயிற்சியில் குறைந்தது மூன்று பிரிவுகளுக்கு மாற்றம் இருக்க வேண்டும். எழுத்தர் வேலை இருபது விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தனித்திறன் தேவைப்படாத உடலுழைப்பில் பயிற்சியாளரை அமர்த்தக்கூடாது. வாரத்துக்கு 32 மணி நேரத்துக்குக் குறையாமல் பயிற்சி தர வேண்டும். இவை அனைத்தும் விதியில் இருக்கின்றன. என் படிவத்தில் வரவேற்பு, ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வை, உணவகம் என ஒவ்வொன்றுக்கும் நான்கு மாதங்கள் எழுதப்பட்டிருந்தன. ஆனால் பிப்ரவரியில், பனிச்சறுக்குப் பருவத்தின் உச்சத்தில், அறை துடைக்க ஆள் போதவில்லை என்று சொல்லி, வரவேற்பு மேசையில் இருந்த என்னை ஐந்து வாரங்களுக்கும் மேலாக நாளொன்றுக்குப் பதினான்கு அறைகள் சுத்தம் செய்ய வைத்தார்கள். அந்த வேலையில் இழிவு ஒன்றும் இல்லை; என்னுடன் துடைப்பம் பிடித்த மெக்சிகோப் பெண்மணியிடம் படுக்கை விரிப்பதில் கற்ற நுணுக்கத்தை நான்கு ஆண்டுக் கல்லூரி எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் அதற்கு ஒரு வாரம் போதும்.

ஏஜென்சியிடம் முறையிட்டபோது, 'எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள், சற்று அனுசரித்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். பின்னர் படிவத்தின் இரண்டாம் கட்டத்தை மேற்கோள் காட்டி ஸ்பான்சருக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பத்து நாட்களுக்குள் விடுதியின் மனிதவள மேலாளர் என்னை அழைத்து, மறு வாரமே மேற்பார்வையாளருடன் பணியாற்றும் பொறுப்பைத் தந்தார். ஏப்ரல் இறுதியில் பனி உருகி, விருந்தினர் வரத்து நின்று, வேலை நேரம் வாரத்துக்கு 24 மணியாகக் குறைந்தபோதும் இதே வழியில்தான் தீர்வு கிடைத்தது. ஸ்பான்சர் தூங்கவில்லை, ஆனால் நாம் தட்டாமல் எழுந்திருக்கவும் இல்லை.

இதே ஜே-1 விசாவின் மற்றொரு பிரிவான கோடைகால வேலை மற்றும் பயணத் திட்டத்தில், 2011 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் பால்மைரா ஊரில், ஹெர்ஷி சாக்லேட்டுகளைப் பெட்டியில் அடைக்கும் கிடங்கில் பணியமர்த்தப்பட்ட பல நாட்டு மாணவர்கள் வேலையை விட்டு வெளியேறிப் போராடினார்கள். அதன் தொடர்ச்சியாக 2012இல் வெளியுறவுத் துறை அப்பிரிவின் விதிகளைக் கடுமையாக்கியது. ஏஜென்சி விளக்கக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பணக் கணக்கில் இரண்டு செய்திகளைப் புதிதாகச் செல்வோர் அறிந்திருக்க வேண்டும். முதலாவது, டிரெய்னியாக முதன்முறை செல்பவரின் ஊதியத்தில் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) ஆகிய அரசுத் திட்டங்களுக்கான 7.65 விழுக்காட்டைப் பிடிக்கத் தேவையில்லை. எனக்கு முதல் மூன்று சம்பளங்களில் பிடித்திருந்தார்கள். கேட்ட பிறகு திருப்பித் தந்தார்கள். இரண்டாவது, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி, நம் நாட்டு மாணவர்களும் தொழிற்பயிற்சியாளர்களும் மற்ற அயல்நாட்டவருக்குக் கிடைக்காத நிலைக் கழிவை, அதாவது வரி கணக்கிடும் முன் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் நிலையான தொகையை, கோரலாம். 2024ஆம் ஆண்டுக்கு அது 14,600 டாலர். இதை எனக்குச் சொன்னவர் ஏஜென்சிக்காரர் அல்லர், பக்கத்து அறையில் தங்கியிருந்த புனே நகரத்து இளைஞர். இவ்வளவு இருந்தும் சேமிப்பு பெரிதாக இல்லை. மலைநகரங்களில் வீட்டு வாடகை மிக அதிகம். நால்வர் பகிர்ந்த பணியாளர் குடியிருப்புக்கே சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. திட்டத்தில் கட்டாயமாக்கப்பட்ட மருத்துவக் காப்பீடு நோயொன்றுக்கு ஒரு லட்சம் டாலர் வரை ஈடு தரும் என்றாலும், பனிக்கட்டியில் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கிய அன்று, முதல் 500 டாலரை நானே கட்ட வேண்டும் என்பது தெரியவந்தது.

பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற பெயருக்குத் திட்டம் எவ்வளவு நியாயம் செய்கிறது? அதற்கெனப் படிவத்திலேயே ஒரு கேள்வி உண்டு. 'உள்ளூர் அருங்காட்சியகங்களையும் விழாக்களையும் பார்க்க ஊக்குவிக்கப்படுவார்' என்று விடுதி அதற்கு ஒரே வரியில் பதில் எழுதியிருந்தது, யாரும் ஊக்குவிக்கவில்லை. ஆயினும் பிலிப்பீன்ஸ், ஜமைக்கா, பெரு நாடுகளிலிருந்து வந்தவர்களுடன் ஒரே சமையலறையில் ஓராண்டு சோறு வடித்தது, நன்றி நவிலும் நாளில் மேற்பார்வையாளரின் வீட்டில் அவருடைய தாயார் கையால் வான்கோழி பரிமாறப்பட்டது, பதிலுக்கு நான் வைத்த ரசத்தை அந்த அம்மையார் சூப்பு என்று நினைத்து இரண்டு கிண்ணம் குடித்தது ஆகியவற்றை எந்தப் படிவத்திலும் எழுதியிருக்க முடியாது. பயிற்சி முடிந்த பிறகு கிடைக்கும் 30 நாள் அவகாசத்தில் வேலை செய்யக்கூடாது, ஊர் சுற்றலாம். டென்வரிலிருந்து சிகாகோவுக்குக் கலிபோர்னியா செபிர் ரயிலில் போனேன். ஓராண்டில் என் பணத்தை மிக மகிழ்ச்சியாகச் செலவிட்டது அந்தச் சீட்டுக்குத்தான்.

பயிற்சி முடிந்து திரும்பிய பின் இரண்டாண்டு சொந்த நாட்டில் தங்க வேண்டும் என்ற நிபந்தனை பற்றிப் பலர் கேட்கிறார்கள். எந்த நாட்டுக்கு எந்தத் திறன்கள் தேவை என்று குறித்து, அதன்படி இந்நிபந்தனையை விதிக்கும் வெளியுறவுத் துறையின் திறன் பட்டியல் 2024 டிசம்பரில் திருத்தப்பட்டபோது இந்தியா அதிலிருந்து நீக்கப்பட்டது. எனவே சொந்தச் செலவில் செல்பவர்களுக்கு அப்பட்டியலால் வரும் தடை இல்லை. அரசு நிதியில் செல்பவர்களுக்கு நிபந்தனை தொடர்கிறது.

ஸ்பான்சருக்கும் திட்டத்தின் விதிகளுக்கும் ஐந்தில் நான்கு மதிப்பெண், விடுதிக்கு மூன்று, ஏஜென்சிக்கு ஒன்று தருவேன். சென்ற மாதம் என் கல்லூரி இளையவள் ஒருத்தி, ஏஜென்சிக்கு முன்பணம் கட்டலாமா என்று கேட்டாள். டிஎஸ்-7002 வரைவை அனுப்பிய பிறகு கட்டுவதாகச் சொல்லச் சொன்னேன். அவர்கள் இன்னும் அனுப்பவில்லை. அவளும் இன்னும் கட்டவில்லை.