5600ஜி: கை கொடுத்ததும் கடுப்பேற்றியதும்

சர்வீஸுக்குப் போன கிராபிக்ஸ் கார்டு ஒருவழியாகத் திரும்பி வந்துவிட்டது. அது இல்லாத நாட்களில், கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த ஏஎம்டி பிராசசரான ரைசன் 5 5600ஜி ஒன்றேதான் என் வேலை முழுவதையும் சுமந்தது. அந்த நேரம் பார்த்து, தேவகோட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் போனில் கேட்டார்: "அண்ணே, கிராபிக்ஸ் இல்லாத 5600 வாங்கவா, 5600ஜி வாங்கவா? ரெண்டும் ஒண்ணுதான், ஜி-யில டிஸ்ப்ளே சேர்ந்து வரும், அவ்வளவுதான்னு கடையில சொல்றாங்க."

இதே வார்த்தையைத்தான் எனக்கு விற்ற கடைக்காரரும் சொன்னார். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. 6 கோர், 12 திரெட், 65 வாட், மதர்போர்டில் மாட்டும் ஏஎம்4 சாக்கெட் வரை இரண்டும் ஒன்றுதான். ஆனால் உள்ளே இருப்பது வேறு சிப். பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரியான எல்3 கேஷ் 5600-இல் 32 எம்பி, ஜி-யில் 16 எம்பி, சரிபாதி. கார்டும் பிராசசரும் பேசிக்கொள்ளும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸில் 5600 4.0 வரை போகும், ஜி 3.0-இல் நின்றுவிடும். உள்ளே கிராபிக்ஸ் வந்ததற்கு நாம் கொடுக்கும் விலை இது. இதைச் சொல்லாமல் விற்பது நியாயமே இல்லை.

செட்டிநாட்டு வீடுகளை அளந்து வரைபடம் போடுவதும், போட்டோக்களைச் சேர்த்து 3டி மாடல் செய்வதும் என் தொழில். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் வீட்டை ஹோட்டலாக்க நினைப்பவர்களும், பங்காளிகள் கூடி மராமத்து பார்ப்பவர்களும் கேட்பார்கள். முகப்பில் தொடங்கி வளவு, இரண்டாம் கட்டு என்று பின்தெரு வரை நீளும் வீட்டுக்கு எவ்வளவு போட்டோ வேண்டியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2021-இல் இதற்கு ஒரு நல்ல கார்டு வாங்க முடியவில்லை. சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம், கிரிப்டோ மைனிங் ஒரு பக்கம் என்று கார்டு விலை எங்கேயோ போய்விட்டது. அந்த ஆகஸ்டில் 5600ஜி கடைகளுக்கு வந்தது. அன்றைக்கு அதை வாங்கியது சரியான முடிவு, இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வயிற்றெரிச்சல் 2022 ஏப்ரலில் வந்தது. 5600-ஐ 199 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஜி அறிமுகமானபோது 259 டாலர்! அப்புறம் கார்டு விலையும் இறங்கியது, நானும் ஒன்று வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் சும்மா கிடக்கிறது. ஆனால் அதற்காக விட்டுக்கொடுத்த கேஷ் திரும்பி வரவா போகிறது? என் வரைபட வேலையில் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. ராத்திரி மகன் கேம் போட்டால் நன்றாகத் தெரியும். இதே கார்டை 5600-உடன் வைத்திருக்கும் நண்பர் வீட்டில் அதே கேம் இப்படித் திக்குவதில்லை.

இதையும் சொல்லியாக வேண்டும். கார்டு படுத்த அன்று ஒரு வீட்டு வரைபடம் பாதியில் இருந்தது. கார்டைக் கழற்றி, எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகி ஆன் செய்தேன், திரை வந்துவிட்டது. 5600 மட்டும் இருந்திருந்தால், இன்னொரு கார்டு கைக்கு வரும்வரை கறுப்புத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2டி வரைபடம் தடங்கலின்றி ஓடியது. 3டி மட்டும் மெதுவாகிவிட்டது, அது எதிர்பார்த்ததுதான். கரண்ட் போனால் யுபிஎஸ் முன்பைவிட நன்றாகவே தாங்கியது. அறையும் அத்தனை சூடாகவில்லை, காரைக்குடி வெயிலில் இது சின்ன விஷயமில்லை. வேலையைப் பார்க்க வந்த ஆச்சி, "நல்லா வந்திருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். கார்டு இல்லாதது அவருக்குத் தெரியவே இல்லை.

ஜி வைத்திருப்பவர்கள் ராம் விஷயத்தில் ஏமாறக் கூடாது. உள் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். கடையில் 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காகப் போட்டுக் கொடுத்தார்கள். பிடிவாதமாக 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக மாற்றி வாங்கினேன். டிடிஆர்4 3200 ராமில் ஒரு ஸ்டிக் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபிதான் போய்வர முடியும், ராமுக்கான இரண்டு பாதைகளிலும் (சேனல்) ஸ்டிக் இருந்தால் 51.2. உள் கிராபிக்ஸ் இந்த வேகத்தை நம்பித்தான் இருக்கிறது.

இவ்வளவு நன்றி இருந்தும், தம்பிக்கு 5600 வாங்கச் சொன்னேன். அவரிடம் கார்டு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் ஜி வாங்குவது பாதி கேஷைத் தூக்கிக் கொடுப்பதுதான், என்னால் அதைச் சரியென்று சொல்ல முடியவில்லை. அவருடைய மதர்போர்டு பி450 என்பதால் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 வேகம் எப்படியும் கிடைக்காது, இருந்தாலும் கேஷுக்காகவே 5600 போதும். கார்டு பழுதானால் என்ன செய்வது என்று கேட்டார். ஜிடி 710 மாதிரி பழைய கார்டு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளட்டும். புதுப் பிராசசர் வந்ததும் அவசரப்பட்டு மாட்ட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். பழைய பயாஸுக்கு 5600 யாரென்றே தெரியாது.