வின்செஸ்டர் செயின்ட் கிராஸ்: கேட்டால்தான் கிடைக்கும் ரொட்டியும் பீரும்

இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் உள்ள ‘ஹாஸ்பிட்டல் ஆஃப் செயின்ட் கிராஸ்’, பெயரில் ‘ஹாஸ்பிட்டல்’ இருந்தாலும் மருத்துவமனை அல்ல, அறச்சாலை. 1130களில் ஆயர் ஹென்றி ஆஃப் புளுவா நிறுவியபோது 13 ஏழைகளுக்கு இருப்பிடமும், வாசலில் தினம் 100 பேருக்குச் சாப்பாடும் ஏற்பாடு. இன்றும் கறுப்பு, சிவப்பு அங்கி அணிந்த முதியவர்கள் இங்கே வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டு ஜன்னல்களுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

வின்செஸ்டர் பேராலயத்திலிருந்து இட்சன் ஆற்றோரமாக நடந்தால் அரை மணி நேரம். மழைக்குப் பிறகு புல்வெளிப் பாதை சேறாகிவிடும், உறுதியான ஷூ வேண்டும்.

அறச்சாலையின் தேவாலயத்தைக் கிழக்குக் கோடியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். கட்டுமானம் அங்கிருந்துதான் மேற்கே நகர்ந்தது. வளைவுகளைச் சுற்றி ஜிக்ஜாக்காக மடிந்து மடிந்து ஓடும் நார்மன் பாணிச் செதுக்கல், கனத்த தூண்கள், பிறகு மெல்லக் கூர்முனை வளைவுகள். நூறாண்டுக்கு மேற்பட்ட கட்டடக்கலை மாற்றத்தை ஒரே கூரையடியில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடங்கள் அரிது. இதற்கே நுழைவுக் கட்டணம் தகும்.

வழிப்போக்கர்களுக்கான ரொட்டித் துண்டும் கொம்புக் குவளை பீரும் இன்றும் உண்டு. வாயிற்காப்பாளரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்காதவருக்குக் கிடைக்காது. ஞாயிறு காலை வழிபாட்டு நேரம், அப்போது சுற்றிப் பார்க்கப் போக வேண்டாம்.