வயதா, புகையா: எதை வைத்து வண்டியை நிறுத்துவது?

பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து விலக்க அரசுகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. இத்தனை வயதானால் ஓட்டக் கூடாது என்பது ஒன்று. வயது எதுவானாலும் புகைச் சோதனையில் தேறினால் ஓட்டலாம் என்பது இன்னொன்று.

வயது வரம்பை அமல்படுத்துவது எளிது. பதிவு ஆண்டைப் பார்த்தால் போதும், லஞ்சத்துக்கும் இடம் குறைவு. ஆனால் ஒழுங்காகப் பராமரித்து எப்போதாவது வெளியே எடுக்கும் வண்டிக்கும், நாள் முழுக்க ஓடிக் கரும்புகை கக்கும் வண்டிக்கும் ஒரே தண்டனை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, சோதனை? கொள்கையளவில் இதுதான் சரியான வழி, நடைமுறையில் ஓட்டை பெரிது. பல இடங்களில் பெட்ரோல் வண்டியை நின்ற நிலையில் ஓடவிட்டு, கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளப்பதோடு சரி. எஞ்சினுக்குச் சுமை ஏறிச் சூடு கூடும்போது அதிகம் உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் இதில் சிக்குவதில்லை. 2015-இல் அம்பலமான ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனத்தின் மோசடியில், சோதனை நடப்பதை வண்டிகளில் இருந்த மென்பொருளே கண்டுபிடித்து அப்போது மட்டும் நச்சு வாயுவைக் குறைத்துக் காட்டியது. அவற்றில் பல புத்தம் புது வண்டிகள்! வயது வரம்பு அவற்றைத் தொட்டிருக்கவே முடியாது.

என் ஓட்டு சோதனைக்கே. கூடவே சாலையோரத்தில் கருவி வைத்து, கடந்துபோகும் வண்டிகளின் புகையையும் அளக்க வேண்டும். சிக்குபவருக்கு முதலில் பழுதுபார்க்க அவகாசம் கொடுக்கட்டும். வண்டியைப் பறிப்பதெல்லாம் அப்புறம்.