கிளையன்ட் சான்றிதழ் பிழை: ஓப்பன்எஸ்எஸ்எல்லா, ஜாவா டீபக் லாகா?

ஜாவா கிளையன்ட், தன்னை அடையாளம் காட்டும் சான்றிதழைக் கேட்கும் என்ஜின்எக்ஸ் (nginx) வெப் சர்வரோடு பேசும்போது '400, சான்றிதழ் அனுப்பப்படவில்லை' என்று வந்தால், பெரும்பாலோர் முதலில் ஓடுவது ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் (s_client) என்ற இணைப்புச் சோதனைக் கட்டளையிடம்தான். சரிதான், ஒரே வரியில் சர்வர் சான்றிதழ் கேட்கிறதா, எந்த சிஏக்களை (சான்றிதழ் வழங்கும் அமைப்புகளை) ஏற்கிறது என்று காட்டிவிடும்.

ஆனால் அது சர்வர் கேட்டாலே போதும், நாம் கொடுத்த சான்றிதழை அந்த சிஏ பட்டியலோடு ஒப்பிடாமல் அனுப்பிவிடும். ஜாவா அப்படி இல்லை. கீஸ்டோரில் (ஜாவா சான்றிதழ்களை வைத்திருக்கும் கோப்பில்), நம் சான்றிதழை ரூட்டோடு, அதாவது மூல சிஏவோடு, இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் இல்லாமல், சர்வரின் பட்டியலில் ரூட் மட்டும் இருந்தால், பொருத்தம் கிடைக்காமல் சான்றிதழே இல்லாத காலிப் பட்டியலை அனுப்பிவிட்டு அமைதியாக இருந்துவிடும், அதனால்தான் 'அங்கே வேலை செய்கிறது, இங்கே இல்லை' என்ற குழப்பம் வருகிறது, பலருடைய முழு நாளும் இதில்தான் போகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஜாவாக்ஸ்.நெட்.டீபக் (javax.net.debug) என்ற ஜாவா அமைப்பை எஸ்எஸ்எல்:ஹேண்ட்ஷேக் (ssl:handshake) என்று வைத்து ஓட்டுங்கள். லாக் நீளம்தான், படிக்க அலுப்பாக இருக்கும், ஆனால் உண்மையில் போனது என்ன என்று அதில்தான் தெரியும். அப்புறம், டிஎல்எஸ் 1.3 என்ற பாதுகாப்பு நெறிமுறைப் பதிப்பில் ஹேண்ட்ஷேக் (இணைப்பின் தொடக்கப் பரிமாற்றம்) கிளையன்ட் பக்கம் முடிந்த பிறகே நிராகரிப்பு வரலாம், அதனால் எஸ்_கிளையன்ட் இணைந்துவிட்டதை மட்டும் நம்பாதீர்கள், ஒரு கோரிக்கையும் அனுப்பிப் பாருங்கள்.

சர்வர் பக்கத்தைப் பார்க்க ஓப்பன்எஸ்எஸ்எல்; கிளையன்ட் ஜாவா என்றால் நான் டீபக் லாகைத்தான் முதலில் திறப்பேன்.