ஆறு பேர் வாலிபாலா, இருவர் ஆடும் பீச் வாலிபாலா?

1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் உருவாக்கிய வாலிபால், உள்ளரங்குக்கான ஆட்டம். பிற்பாடுதான் அது மணலில் இறங்கியது. ஒலிம்பிக்கிலும் அதே வரிசை: அரங்க ஆட்டம் 1964, பீச் 1996.

வலை உயரம் இரண்டிலும் ஒன்றே, ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. மைதானம் மட்டும் அரங்கில் 18க்கு 9 மீட்டர், மணலில் 16க்கு 8. சின்னதுதானே என்று ஏமாற வேண்டாம். ஆறு பேர் காக்கும் இடத்துக்குக் கொஞ்சமே குறைவானதை இருவர் காக்க வேண்டும். மாற்று ஆட்டக்காரரும் கிடையாது.

என்னைக் கேட்டால், பெரிய வித்தியாசம் பிளாக்கில்தான், அதாவது எதிரணி அடிக்கும் பந்தை வலையருகே கை உயர்த்தித் தடுப்பதில். அரங்கில் பிளாக்கில் பட்ட பந்து தொட்ட கணக்கில் சேராது. அதற்குப் பிறகும் மூன்று முறை தொடலாம். மணலில் அதுவே முதல் தொடுதல், மிச்சம் இரண்டுதான். விரல் நுனியால் பந்தை எதிர்ப்பக்கம் மெல்லத் தட்டிவிடும் தந்திரமும் அங்கே செல்லாது. வெயிலும் காற்றும் ஒரே அணிக்குச் சாதகமாகிவிடாமலிருக்க, ஏழு புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாறுவார்கள்.

அரங்கில் செட்டுக்கு 25 புள்ளி, மணலில் 21. கடைசி செட் இரண்டிலும் 15.

புதிதாகத் தொடங்குபவருக்கு அரங்க ஆட்டமே நல்லது. ஷூவும் முழங்கால் உறையும் வாங்கும் செலவு இருந்தாலும், ஒருவர் தவறை ஐவர் சமாளிக்கலாம். மணலில் வெறுங்காலே போதும், ஆனால் மூச்சு வாங்கும்.