பெண்கள் கூட்டத்துக்கு எந்த வேதாகமம் வாங்கலாம்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் என்றால் கைப்பையிலிருந்து வெளிவருவது பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்புதான். 1871-இல் திருத்தம் பெற்ற நடை. கத்தோலிக்க வீடுகளில் இருப்பது 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். பெண்களின் பார்வையில் வேதத்தைப் படிக்க உட்காரும் குழுவுக்கு இரண்டுமே வேண்டும். சத்தமாக வாசிக்கத் திருவிவிலியம், தோண்டிப் பார்க்கப் பழையது.

முதல் காரணம் வினைமுற்று. யோவான் 20:18-இல் உயிர்த்தெழுந்த செய்தியை முதலில் கொண்டுபோகும் மரியாள் பழையதில் "சீஷருக்கு அறிவித்தாள்". திருவிவிலியத்தில் "நான் ஆண்டவரைக் கண்டேன்" என்றார். கிரேக்க வினைமுற்றில் பால் விகுதியும் இல்லை, மரியாதை விகுதியும் இல்லை. 'ஆள்', 'ஆர்' இரண்டுமே தமிழில் பெயர்த்தவர்கள் எடுத்த முடிவு. பழையதைக் குறை சொல்லும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே பேதுருவும் 'சொன்னான்'தான். ஆனால் மணமான பெண்ணை ஆச்சி என்று அழைத்து 'வாங்க' சொல்லும் ஊரில், 'அவள்' என்று கேட்டுப் பழகிய காதுக்கு 'அவர்' என்ற சொல் அந்தப் பெண்ணை நிமிர்த்தி உட்கார வைக்கிறது. அந்த மரியாதையை எந்த விளக்கவுரையாலும் கொடுத்துவிட முடியாது.

இதிலேயே ஒரு சிக்கலும் உண்டு. யோவான் 4-இல் இயேசுவும் 'அவர்', சமாரியப் பெண்ணும் 'அவர்'. ஒருவரே வாசித்தால் யார் கேட்டார், யார் பதில் சொன்னார் என்று நாலு வசனத்துக்குள் குழம்பிவிடும். மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுங்கள்: கதை சொல்பவர், இயேசு, அந்தப் பெண். 7 முதல் 26 வரை இப்படி வாசித்தால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும்.

பழைய மொழிபெயர்ப்பின் பெரும் பலம் மனப்பாடம். சங்கீதம் 121-ஐத் தெரியாத பாட்டி இல்லை: "கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்." இந்த 'ஒத்தாசை'க்கு எபிரெயத்தில் உள்ள சொல் 'ஏசெர்'. ஆதியாகமம் 2:18-இல் ஏவாளைச் சொல்லும் "ஏற்ற துணை"யில் 'துணை'க்கும் அதே சொல். துணை என்றால் எடுபிடி என்று பிரசங்கம் கேட்டே வளர்ந்தவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை. முதல் கூட்டத்தை இந்த இரண்டு வசனத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

ரோமர் 16-இல் கெங்கிரேயா சபையைச் சேர்ந்த பெபேயாளைப் பழையது "ஊழியக்காரி" என்கிறது. வேலைக்காரி என்று யாராவது பொருள் கொண்டால் எபேசியர் 3:7-ஐத் திருப்புங்கள். பவுல் தன்னை "ஊழியக்காரன்" என்று சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பதும் பெபேயாளுக்கு வரும் அதே 'தியாகொனொஸ்'தான்.

பெண்கள் பேசக் கூடாது என்ற 1 கொரிந்தியர் 14:34 எந்தக் குழுவிலும் வந்தே தீரும். நேரே அதில் இறங்கினால் வாக்குவாதத்திலேயே ஒரு மணி நேரம் போய்விடும். முதலில் 11:5. அங்கே பெண்கள் சபையில் ஜெபம் பண்ணுகிறார்கள், தீர்க்கதரிசனம் சொல்லுகிறார்கள். பவுல் பேசுவது தலையை மூடுவதைப் பற்றித்தான். பிறகு 14-க்கு வாருங்கள். 34, 35 வசனங்கள் சில பழைய கையெழுத்துப் படிகளில் 40-க்குப் பின்னால் வருகின்றன என்பதையும் சொல்லுங்கள். இந்த விவரம் இரண்டு தமிழ்ப் பதிப்புகளின் வசன வரிசையிலும் தெரியாது. நடத்துபவர்தான் எடுத்துவர வேண்டும். சி.எஸ்.ஐ. திருச்சபையில் 2013-இல் ஒரு பெண் பேராயர் ஆகிவிட்ட பிறகும் இந்த வசனத்தைக் காட்டி வாயடைப்பது நியாயமில்லை.

பத்துப் பேர் கொண்ட குழுவுக்குப் புதிதாக வாங்க வேண்டியது திருவிவிலியம் மூன்று மட்டுமே. பழையது எல்லார் வீட்டிலும் இருக்கும், எடுத்து வரச் சொல்லுங்கள். கூடவே ஆளுக்கொரு பென்சில். பழையதில், ரோமர் 16-இல் பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், திரிபேனாள், பெர்சியாள் என்று பெண்கள் எல்லாருக்கும் 'ஆள்' இருக்கிறது. ஏழாம் வசனத்தில், அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்ற "யூனியாவையும்" என்ற இடத்தில் மட்டும் இல்லை. அதனால் மூன்றாம் வசனத்தில் வரும் பிரிஸ்கில்லாளின் கணவர் ஆக்கில்லாவைப் போல அவரையும் ஆணாகவே வாசித்துக் கடந்துவிடுகிறோம். நான்காம் நூற்றாண்டிலேயே திருச்சபைத் தந்தையரில் ஒருவரான கிறிசோஸ்தோம் அவரைப் பெண் அப்போஸ்தலர் என்று வியந்து எழுதியிருக்கிறார். அந்த 'வை'யை அடித்து, மேலே 'ளை' என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.