கால் புண்ணுக்கு ஓசோன் சிகிச்சை: கும்பகோணத்தில் ஒரு மையத்தை நாடிய அனுபவம்

பாபநாசம் பக்கத்தில் பத்து மா நிலம் வைத்துச் சாகுபடி செய்யும் என் பெரியப்பாவுக்கு நெடுங்காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. குறுவை நடவின்போது வெறுங்காலுடன் சேற்றில் இறங்கியவரின் உள்ளங்காலை நத்தை ஓடு கீறியிருக்கிறது. கால் மரத்துப்போயிருந்ததால் இரண்டு நாள் கழித்து, வேட்டியில் கறை பட்ட பிறகே அதை அவர் கவனித்தார். ஆறு வாரமாகியும் புண் ஆறாத நிலையில், ஓசோன் வைத்தால் ஆறிவிடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதன்பேரில் மையங்களைத் தேடத் தொடங்கினேன்.

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி வட்டாரத்தில் ஓசோன் என்ற சொல்லைப் பெயர்ப்பலகையிலேயே எழுதியிருக்கும் இடத்தை நான் அதிகம் காணவில்லை. வலி நிவாரண மையம், இயற்கை மருத்துவ மையம், பல் மருத்துவமனை ஆகியவற்றின் சேவைப் பட்டியலில் ஒரு வரியாகவே அது இருந்தது. கடைசியில் கும்பகோணத்தில் ஒரு மையத்துக்குச் சென்றோம். அதன் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

மையம் தூய்மையாக இருந்தது; பணியாளர்கள் பெரியவரை மரியாதையுடன் நடத்தினர். ஓசோனைச் சேமித்து வைக்க முடியாது, விரைவில் ஆக்சிஜனாகச் சிதைந்துவிடும் என்பதால், சிலிண்டரிலிருந்து வரும் ஆக்சிஜனை உயர் மின்னழுத்தத்தில் செலுத்தி அங்கேயே தயாரிக்கிறார்கள். அந்தக் கலவையில் பெரும்பகுதி ஆக்சிஜன்தான். ஓசோன் சில விழுக்காடு மட்டுமே. காலை நனைத்து, பிளாஸ்டிக் பையில் நுழைத்து, கணுக்காலுக்கு மேல் இறுகக் கட்டி, இருபது நிமிடம் வாயுவை நிரப்பினார்கள். ஆனால் சிறிது நேரத்தில், இடி மின்னலுக்குப் பின் காற்றில் வருவது போன்ற காரமான வாசனை அறையில் பரவிப் பெரியப்பா இருமத் தொடங்கினார். இது சிறிய குறையல்ல. ஓசோனைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு என்பதில் இரண்டாம் கருத்தே இல்லை. வாசனை மூக்கை எட்டுகிறதென்றால் பை கசிகிறது அல்லது வெளியேறும் வாயுவை உறிஞ்சி அழிக்கும் ஏற்பாடு சரியில்லை என்று பொருள்.

காத்திருக்கும் அறைச் சுவரில், இச்சிகிச்சை அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. இது தவறு. நோய்க்கான மருத்துவப் பயன் எதுவும் அறியப்படாத நச்சு வாயு என்றே அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகத்தின் விதி ஓசோனைக் குறிப்பிடுகிறது. ஆட்கள் இருக்கும் இடத்தில் கருவியிலிருந்து வெளியேறிச் சேரும் ஓசோன் பத்து லட்சத்தில் 0.05 பங்கைத் தாண்டக்கூடாது என்றும் வரம்பிடுகிறது. உணவுப் பொருள்களில் கிருமி நீக்க அதே நிர்வாகம் 2001இல் ஓசோனை அனுமதித்தது உண்மைதான். நம் ஊர்க் கேன் தண்ணீர் ஆலைகளிலும் அது பயன்படுகிறது. தண்ணீரில் கிருமியைக் கொல்வதும் மனிதனின் புண்ணை ஆற்றுவதும் ஒன்றல்ல.

சட்டநிலையைப் பற்றிக் கேட்டபோது கண்ணாடிச் சட்டகத்தில் மாட்டிய மூன்று சான்றிதழ்களைக் காட்டினார்கள். குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. முதலாவது கருவிக்குரியது: 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளின்படி பெறும் உரிமம், அந்தச் சாதனத்தை விற்பதற்கும் தயாரிப்பதற்கும் உரியதே தவிர, அதை வைத்துச் செய்யப்படும் ஒவ்வொரு சிகிச்சையும் பலனளிக்கும் என்பதற்கு அது சாட்சியாகாது. இரண்டாவது, மருத்துவர் ஏதோ ஒரு பயிற்சி முகாமில் பங்கேற்றதற்கானது. மருத்துவ மன்றப் பதிவு எண் அதில் இல்லை. மூன்றாவது, கடை நடத்துவதற்கான உள்ளாட்சி உரிமம். நான் பார்க்க விரும்பியது, 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் வழங்கும் பதிவுச் சான்றிதழ். அது புதுப்பித்தலில் இருப்பதாகச் சொன்னார்கள். விண்ணப்ப நகலைக் காட்டவில்லை. அந்தச் சான்றிதழும்கூட இடத்தைப் பற்றியதே, ஓசோனைப் பற்றியதல்ல. சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணமாக்குவதாக அவர்கள் தந்த துண்டறிக்கையோ, அத்தகைய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவூட்டியது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் தேடினேன். நீரிழிவுக் கால் புண்ணுக்கு ஓசோன் தருவதைப் பற்றி 2015இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் பன்னாட்டு அமைப்பினுடையது), மொத்தம் 212 பேர் பங்கேற்ற மூன்றே ஆய்வுகளைக் கண்டு, உறுதியான முடிவுக்கு அவை போதா என்றது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: வாயுவை நேரடியாக இரத்தக் குழாயில் செலுத்த ஒருபோதும் சம்மதிக்கக்கூடாது, ஏனெனில் குழாயில் வாயு அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஜி6பிடி நொதிக் குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் பிறவிக் குறை) உள்ளவர்களுக்கு ஓசோன் ஆகாது என்பதை இத்துறையினரே ஒப்புக்கொள்கிறார்கள்; பெரியப்பாவிடம் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

முதல் அமர்வோடு நிறுத்திக்கொண்டு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றோம். காலின் இரத்த ஓட்டத்தைச் சோதித்து, இறந்த சதையை அகற்றி, இன்சுலின் அளவை மாற்றி, புண்ணில் எடை விழாதபடி எம்.சி.ஆர். எனும் மென்மையான ரப்பர் செருப்பு அணியச் சொன்னார்கள். பத்தாவது வாரத்தில் தோல் மூடியது.

மையத்தில் பத்து அமர்வுகளுக்கு முன்பணம் வாங்கியிருந்தார்கள். மீதி ஒன்பதுக்கான தொகையை வாய்மொழியாகக் கேட்டபோது மறுத்தவர்கள், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் கேட்டதும் இரண்டு தவணையில் திருப்பித் தந்தார்கள். முதல் நாளே பற்றுச்சீட்டை வற்புறுத்தி வாங்கி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.